மன வயது என்றால் என்ன? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் மகனுக்கு 8 வயது. சோதனை அறிக்கையில் ‘மன வயது 6, ஐ.க்யூ. 75’ என்று இருக்கிறது. அவன் மூளை வளர்ச்சி 6 வயதோடு நின்றுவிட்டதா?
– ஒரு தாய், திண்டுக்கல்

இல்லவே இல்லை. சோதனை நடந்த அன்று, சராசரி 6 வயதுப் பிள்ளை எவ்வளவு செய்யுமோ அவ்வளவு செய்திருக்கிறான் என்பதுதான் பொருள்.

பள்ளிப் பாடத்தில் பின்தங்கும் பிள்ளைகளைப் பற்றி ஆராய 1904-ல் பிரான்ஸ் அரசு ஒரு குழு அமைத்தது. அதில் இருந்த உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, மருத்துவர் தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905-ல் 30 சோதனைகளை வெளியிட்டார். எரியும் தீக்குச்சியைக் கண் பின்தொடர்கிறதா என்பது முதல் சோதனை. சாக்லேட் எது, மரக்கட்டை எது என்று தெரிகிறதா என்பதும் அதில் உண்டு. 1908-ல் 3 முதல் 13 வயது வரை வயதுவாரியாக அவற்றை அடுக்கினார். ஒரு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் செய்துவிடும் வேலை, அந்த வயதுக்கு உரியது. மன வயது பிறந்தது இப்படித்தான். பயிற்சியால் பிள்ளைகள் முன்னேறுவார்கள் என்றே பினே வாதிட்டார். மன வயதை உண்மை வயதால் வகுத்தவர் ஜெர்மானியரான வில்லியம் ஷ்டெர்ன் (1912). அதை 100-ஆல் பெருக்கி, ஐ.க்யூ. (நுண்ணறிவு ஈவு) என்று பரப்பியவர் அமெரிக்கரான டெர்மன் (1916).

நம் நாட்டில் இன்றும் புழங்கும் பினே–காமத் சோதனையின் கணக்கு எளிது. 10 வயது வரை ஒவ்வொரு வயதுக்கும் 6 கேள்விகள், கேள்விக்கு 2 மாதம். 5 வயதுக் கேள்விகள் ஆறும் சரி என்றால் 60 மாதம். பிறகு 6 வயதில் 3, 7-ல் 2, 8-ல் 1 சரி என்றால் இன்னும் 12 மாதம். 9 வயதில் ஆறும் தவறு, அங்கே நிறுத்துவார்கள். ஆக மன வயது 72 மாதம். அதை உண்மை வயதான 96 மாதத்தால் (8 வயது) வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஐ.க்யூ. 75.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பள்ளியில் சேர்ப்பதற்காகப் பிறந்த தேதியை 6 மாதம் முந்தையதாகப் போட்டிருந்தால், உண்மை வயது 90 மாதம்; ஐ.க்யூ. 80. உண்மையான தேதியைச் சோதிப்பவரிடம் சொல்லிவிடுங்கள். காதும் கண்ணும் சோதித்தாயிற்றா, கேள்வி பிள்ளை வீட்டில் பேசும் மொழியில் கேட்கப்பட்டதா என்றும் விசாரியுங்கள். கேள்வியை அவசரத்தில் அங்கேயே மொழிபெயர்த்தால் அது எளிதாகவோ கடினமாகவோ மாறிவிடும்.

பெரியவர்களுக்கும் இதே வகுத்தல்தானா?
– வாசகர், தஞ்சாவூர்

அப்படிச் செய்தால் 15 வயதுக்காரர் அளவுக்குச் செய்யும் 30 வயதுக்காரருக்கு ஐ.க்யூ. 50 வந்துவிடும்! முதல் உலகப் போரில் சுமார் 17 லட்சம் அமெரிக்கப் படையினரைச் சோதித்துவிட்டு, வெள்ளையரின் சராசரி மன வயது 13 என்று அறிவித்தார்கள். அந்த அபத்தத்துக்குக் கேள்விகளும் காரணம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஆங்கிலம் தெரியாதவருக்கும் தந்த படத்தாளில், டென்னிஸ் மைதானத்தில் வலை இல்லாததைக் கண்டுபிடிக்க வேண்டும். டென்னிஸையே பார்த்திராத குடியேறி என்ன செய்வார்?

1939-ல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் வெக்ஸ்லர் வகுத்தலைக் கைவிட்டு, ஒத்த வயதினரோடு ஒப்பிட்டார். சராசரி 100, திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு, 15. 100-க்கு 68 பேர் 85-க்கும் 115-க்கும் நடுவில் வருவார்கள்; 70-க்குக் கீழே சுமார் 2 பேர்.

மறு சோதனை எப்போது செய்யலாம்?
– வாசகி, சேலம்

அதே சோதனையை ஓரிரு மாதத்தில் திரும்பச் செய்தால் பழக்கத்தாலேயே மதிப்பெண் கூடும், கட்டை அடுக்கும் பகுதிகளில் குறிப்பாக. ஓராண்டாவது விடுங்கள், அல்லது வேறு சோதனை கேளுங்கள். முந்தைய அறிக்கையை மறைக்காமல் காட்டுங்கள். ஒப்பீட்டு அளவுகள், அதாவது ‘நார்ம்ஸ்’, எந்த ஆண்டுக்குரியவை என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் 1932-க்கும் 1978-க்கும் இடையே சராசரி சுமார் 14 புள்ளி ஏறியதாக ஆய்வாளர் ஜேம்ஸ் ஃப்ளின் 1984-ல் காட்டினார். பழைய அளவுகோல் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கூட்டிக் காட்டிவிடும். உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அது கிடைக்காமலும் போகலாம்.