காணொளியால் வருமானம்: எந்தத் தளம்? – வாசகர் கேள்வி பதில்

வன்னியின் பல ஊர்களிலிருந்தும் இம்முறை வந்த கடிதங்கள், காணொளித் தளங்களில் எது உழைப்புக்குப் பணம் தரும் என்ற ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தன. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை அதற்கே ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: தையல் வேலையோடு, ஒடியற்கூழ், குரக்கன் பிட்டு, பாலைப்பழம் பறிக்கும் காலம் என எங்கள் ஊர் வாழ்க்கையைக் கைபேசியில் படமெடுத்து டிக்டொக்கில் பதிவிட்டு வருகிறேன். இலட்சம் பேர் பார்த்த காணொளியும் உண்டு. ஆனால் ஒரு சதமும் வரவில்லை. யூடியூப்புக்கு மாறுவதா, முகநூலுக்கு மாறுவதா?
– ஒரு வாசகி, மல்லாவி

பதில்: சகோதரி, உங்கள் காணொளிகளில் குறை இருப்பதால் பணம் வராமற் போகவில்லை. பார்வைகளுக்காகப் பணம் வழங்கும் டிக்டொக்கின் 'கிரியேட்டர் ரிவார்ட்ஸ்' திட்டம் அமெரிக்கா, பிரித்தானியா, ஜேர்மனி, பிரான்ஸ், ஜப்பான் உள்ளிட்ட சில நாடுகளில் வசிப்போருக்கு மட்டுமே திறந்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. அந்நாடுகளில் இருப்பவர்கள்கூட 10,000 பின்தொடர்வோரையும், முந்திய 30 நாட்களில் 1,00,000 பார்வைகளையும் பெற்றிருந்தால்தான் சேரலாம். காணொளியும் ஒரு நிமிடத்துக்கு மேற்பட்டதாக இருக்கவேண்டும். ஆகவே மல்லாவியிலிருந்து நீங்கள் பதிவிடும் காணொளியைக் கோடிப் பேர் பார்த்தாலும் அத்திட்டத்தின்கீழ் உங்களுக்கு எதுவும் சேராது. அத்துடன் 2020 ஜூன் மாத இறுதியில் இந்தியா டிக்டொக்கைத் தடை செய்ததால், தமிழ் பேசுவோர் மிகப் பெருந்தொகையாக வாழும் தமிழ்நாடும் அந்தத் தளத்தில் உங்களுக்கு எட்டாத இடமாகிவிட்டது.

யூடியூப்பின் பங்காளர் திட்டத்தில் இலங்கையிலிருந்து சேர முடியும். விளம்பர வருமானத்தில் பங்கு பெறுவதற்கு 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணித்தியாலப் பொதுப் பார்வை நேரமும் தேவை. அல்லது 90 நாட்களில் ஷோர்ட்ஸ் எனப்படும் குறுங்காணொளிகளுக்கு ஒரு கோடிப் பார்வைகள் வேண்டும். 4,000 மணித்தியாலம் என்பது 2,40,000 நிமிடங்கள். ஒருவர் உங்கள் காணொளியைச் சராசரியாக நான்கு நிமிடம் பார்ப்பாரானால், ஓராண்டில் 60,000 பார்வைகள் போதும். டிக்டொக்கில் ஒரே காணொளிக்கு இலட்சம் பேரைக் கூட்டிய உங்களுக்கு இது எட்டாத உயரம் அல்ல என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் ஷோர்ட்ஸ் ஓடையில் கிடைக்கும் பார்வை நேரம் அந்த 4,000 மணித்தியாலத்தில் சேர்க்கப்படுவதில்லை என்பதை அறியாமல், குறுங்காணொளிகளை மட்டும் அடுக்கடுக்காகப் பதிவிட்டுக் காத்திருப்பவர்கள் பலர் உள்ளனர்.

நீண்ட காணொளியையே நான் வற்புறுத்துவதற்கு வேறு காரணங்களும் உண்டு. அதில் வரும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் படைப்பாளிக்குரியது. ஷோர்ட்ஸில் எல்லோருடைய விளம்பரப் பணமும் ஒன்றாகத் திரட்டப்பட்டு, பாடல் உரிமையாளர்களுக்கான பகுதி கழிக்கப்பட்டு, பார்வைகளுக்கேற்பப் பகிரப்பட்ட பின்னர் அந்தப் பங்கில் 45 சதவீதமே உங்களுக்கு வரும். எட்டு நிமிடம் அல்லது அதற்கு மேற்பட்ட காணொளிகளில் நடுவிலும் விளம்பரம் இடலாம். ஒடியல் மாவை ஊறவைப்பது தொடங்கி, மீனும் நண்டும் பயிற்றங்காயும் சேர்த்துக் கூழைக் காய்ச்சிப் பலா இலையில் ஊற்றிக் குடிப்பது வரை காட்டுவதற்கு எட்டு நிமிடம் தாராளமாகத் தேவைப்படும். அதை ஒரு நிமிடத்துக்குள் திணிப்பதுதான் கடினம்.

விளம்பரத்தின் விலை, பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே பெரிதும் அமைகிறது. ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருந்து பார்க்கும் ஒருவரால் கிடைக்கும் தொகை, வவுனியாவிலிருந்து பார்ப்பவரால் கிடைப்பதைவிடப் பன்மடங்காக இருக்கலாம். புலம்பெயர்ந்த நம்மவர்கள் தேடுவது, தாயின் கைப்பக்குவத்தையும், குளக்கட்டையும், காலபோக அறுவடையையும், வற்றாப்பளைப் பொங்கலையும்தான். அவர்கள் தேடும் பெட்டியில் எழுதக்கூடிய சொற்களையே தலைப்பாக வையுங்கள். டிக்டொக் காணொளி பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். யூடியூப்பிலோ, நன்றாகத் தலைப்பிடப்பட்ட ஒரு பாலைப்பழக் காணொளி ஒவ்வோராண்டும் பழம் பழுக்கும் காலத்தில் மீண்டும் தேடிப் பார்க்கப்படும். என் கணிப்பில் இதுவே இத்தளத்தின் பெரும் வலிமை.

டிக்டொக்கை விட்டுவிட வேண்டாம். முழுக் காணொளியின் சுவையான ஒரு பகுதியை அங்கே இட்டு, மிகுதி எங்கே உள்ளது என்று சொல்லுங்கள். டிக்டொக்கின் அடையாளம் பதியாத மூலக் கோப்பை எப்போதும் தனியாகச் சேமித்து வையுங்கள்.

முகநூலைப் பொறுத்தவரை, முன்னர் தனித்தனியாக இருந்த அதன் வருமான வழிகளை ஒன்றிணைப்பதாக மெட்டா நிறுவனம் 2024 ஒக்டோபரில் அறிவித்தது. உங்கள் பக்கத்தின் புரொபெஷனல் டாஷ்போர்டில் உள்ள வருமானப் பகுதியைத் திறந்தால், உங்களுக்கு எது திறந்திருக்கிறது என்பது அங்கேயே தெரியும். அது திறக்காவிட்டாலும், வெளிநாடுகளில் உள்ள ஊர்ச் சங்கங்களின் குழுக்கள் அங்கு இருப்பதால், யூடியூப் இணைப்பைப் பகிர முகநூல் உதவும். விமியோவைப் பலர் விசாரிக்கிறார்கள். அது காணொளியைச் சேமிக்க உங்களிடம் பணம் வாங்கும் சேவையே தவிர, விளம்பரப் பங்கு தரும் தளம் அல்ல.

தையல் வேலையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். எந்தத் தளமும் மாதச் சம்பளம் தருவதாக உறுதியளிப்பதில்லை.

கேள்வி: இலண்டனில் உள்ள மச்சானின் பெயரில் டிக்டொக் கணக்கைத் திறந்து, நான் இங்கிருந்து காணொளி அனுப்பினால் பணம் வரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகர், விசுவமடு

பதில்: செய்யவேண்டாம், தம்பி. கணக்கு, வரி விபரம், வங்கி ஆகிய மூன்றும் மச்சானின் பெயரில் இருக்கும்போது அந்தப் பணம் சட்டப்படி அவருடைய வருமானம். அதற்கான வரியும் அவருடைய பொறுப்பு. உறவு நன்றாக இருக்கும்வரை இது சிறிய விடயமாகத் தோன்றும். நாட்டை மறைத்துக் கணக்கு நடத்துவது கண்டுபிடிக்கப்பட்டால், சேர்ந்த பணம் கைக்கு வருமுன்பே கணக்கு முடக்கப்படலாம். ஏற்கனவே வருமானம் தொடங்கிய யூடியூப் சனலை விலைக்கு வாங்குவதையும், சந்தாதாரர்களைக் காசு கொடுத்துச் சேர்ப்பதையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடுங்கள்.

மச்சானுக்கு உண்மையில் உதவும் எண்ணம் இருந்தால், சனலை உங்கள் பெயரிலேயே ஆரம்பித்து, யூடியூப் ஸ்டூடியோவின் அமைப்புகளில் உள்ள அனுமதிப் பகுதி வழியாக அவருக்குத் தொகுப்பாளர் பொறுப்பை வழங்கலாம். கடவுச்சொல்லைக் கொடுக்காமலே அவர் அங்கிருந்து தலைப்பும் விபரமும் எழுதலாம். ஆங்கில வசனவரிகளும் சேர்க்கலாம்.

கேள்வி: வறிய குடும்பங்களின் வீடுகளுக்குச் சென்று, அவர்களுடைய கதையைப் படமெடுத்து, வெளிநாட்டு உதவி பெற்றுக் கொடுக்கும் காணொளிகளுக்கே பார்வை அதிகம் என்கிறார்கள். நானும் அதைத் தொடங்கலாமா?
– ஒரு வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: இக்கேள்வி என்னை மிகவும் வருத்தியது. போரிலும் இடப்பெயர்விலும் எல்லாவற்றையும் இழந்து, மீளக்குடியேறி, தறப்பாளின் கீழிருந்து ஒரு கல்வீட்டுக்கு வருவதற்கே ஆண்டுக்கணக்கில் போராடிய மக்கள் இவர்கள். ஒரு மூடை அரிசிக்காக ஒரு தாய் கமராவின் முன் அழும்போது அவர் முழு மனத்துடன் சம்மதித்தார் என்று நம்மால் சொல்ல முடியுமா? அவருடைய மகள் மறுநாள் பாடசாலைக்குப் போகவேண்டும். அந்தக் காணொளி அவளுடைய வகுப்பில் எல்லோருடைய கைபேசியிலும் இருக்கும். பதிவேற்றியதை நீங்கள் அழித்தாலும் பிறர் எடுத்து வைத்த பிரதிகள் அழியாது.

பணத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. விளம்பரத்தால் வருவது உங்கள் வருமானம். உதவியாக வருவது அக்குடும்பத்தின் பணம். இரண்டும் ஒரே தனிப்பட்ட வங்கிக் கணக்கில் கலந்தால், நேர்மையானவரால்கூடப் பின்னர் கணக்குக் காட்டுவது கடினமாகும். உதவ விரும்புவோரைப் பதிவு செய்யப்பட்ட அமைப்புகளிடமோ பிரதேச செயலகத்திடமோ வழிப்படுத்துங்கள். நீங்கள் அந்தத் தாயின் தேவையைப் படமெடுப்பதைவிட அவர் செய்யும் தொழிலைப் படமெடுங்கள். பனையோலைப் பெட்டி இழைப்பவர், முத்தையன்கட்டுக் குளத்து நீரில் கச்சான் பயிரிடுபவர், நந்திக்கடலில் இறால் பிடிப்பவர் ஆகியோரின் வேலையே ஒரு நீண்ட காணொளிக்குப் போதிய செழிப்புள்ளது. பதிவேற்றுமுன் அவர்களிடம் காட்டுங்கள். நீக்கும்படி கேட்டால் காரணம் கேட்காமல் நீக்கிவிடுங்கள்.

கேள்வி: என் சனலுக்கு வருமான அனுமதி கிடைத்துவிட்டது. பணம் எப்படிக் கைக்கு வரும்? வரி கட்டவேண்டுமா?
– ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: வாழ்த்துகள். யூடியூப்பின் பணம் கூகுளின் அட்சென்ஸ் கணக்கு வழியாக வருகிறது. கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும், முகவரியை உறுதிப்படுத்தும் ஓர் இரகசிய இலக்கம் தபாலில் அனுப்பப்படும். அதை நான்கு மாதத்துக்குள் பதியவேண்டும். நம் கிராமங்களில் வீட்டிலக்கமும் வீதிப் பெயரும் இல்லாத முகவரிகள் பல இருப்பதால், இந்தக் கடிதம் வழிதவறுவது உண்டு. கிராமத்தின் பெயரையும் தபாலகத்தின் பெயரையும் தெளிவாக எழுதி, இப்படியொரு கடிதம் வரும் என்று தபாலகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அட்சென்ஸில் உள்ள பெயரும் வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். 100 டொலர் சேர்ந்த பின்னர், அடுத்த மாதம் 21ஆம் திகதிக்கும் 26ஆம் திகதிக்கும் இடையில் பணம் அனுப்பப்படும்.

அமெரிக்க வரிப் படிவத்தையும் அட்சென்ஸில் நிரப்பவேண்டும். நிரப்பினால், அமெரிக்காவிலிருந்து பார்ப்போரால் வரும் வருமானத்தில் மட்டுமே கழிவு இருக்கும். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான வரி உடன்படிக்கையைக் குறிப்பிட்டால் அதுவும் குறையும். நிரப்பாவிட்டால் உங்கள் மொத்த வருமானத்திலிருந்தே 24 சதவீதம் வரை கழிக்கப்படலாம்.

இலங்கையில், வெளிநாட்டுக்குச் சேவை வழங்கி வங்கி மூலம் பெறும் வருமானத்துக்கு முன்பிருந்த வரிவிலக்கு 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டது. ஆயினும் உங்கள் எல்லா வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் வரி இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதமும், மிகுதிக்கு இவ்வகை வருமானத்தின் உச்ச வீதமான 15 சதவீதமும் அறவிடப்படும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கத்தை இப்போதே பெற்றுக்கொள்ளுங்கள். முதற் கொடுப்பனவு வரும் மாதத்திலிருந்தே வங்கிக் கூற்றுகளையும், கைபேசி, ஒளிவிளக்கு, டேட்டா ஆகியவற்றுக்குச் செலவிட்ட பற்றுச்சீட்டுகளையும் ஒரு கோப்பில் சேர்த்து வாருங்கள். தொழிலுக்காகச் செய்த செலவுகளைக் கழித்த பின்னரே வரிக்குரிய தொகை கணிக்கப்படும்.