எந்தப் பக்கத்தில் மூடி வைத்தார்?

கேள்வி: என் கணவர் குடியை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. குடியிலிருந்து மீண்ட ஒருவர் எழுதிய தன்வரலாற்றைப் படித்து இரண்டு நாள் அழுதேன். அவருக்கும் உதவும் என்று கொடுத்தேன். ஐம்பது பக்கம் படித்தவர், அன்று இரவெல்லாம் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கை லேசாக நடுங்கியது. புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிடலாமா? எனக்கு ஏன் இவ்வளவு அழுகை வருகிறது?
– வாசகி, குடியாத்தம்

பதில்: பிடுங்க வேண்டாம். இந்த வகைப் புத்தகங்களில் முதல் பாதி பெரும்பாலும் குடிதான்: முதல் கிளாஸ், சிநேகிதர் கூட்டம், தொண்டையில் இறங்கும் எரிச்சல். உங்களுக்கு அது படிக்கிற கதை. அவர் மூளைக்கோ பழைய அழைப்பு. டாஸ்மாக் வாசலைக் கடக்கும்போது வரும் அதே வேட்கை, நன்றாக எழுதப்பட்ட ஒரு பத்தியிலும் வரும். எழுத்தாளர் கெட்டிக்காரர் என்றால் இன்னும் மோசம்! அந்த அலை பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். மீண்டு வந்த பகுதியை முதலில் படிக்கச் சொல்லுங்கள். பகலில், சாப்பிட்ட பிறகு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது படிக்கட்டும்.

நிறுத்தியதால் வரும் நடுக்கம் அநேகமாக ஒரு வாரத்தில் போய்விடும். ஐந்து மாதம் கழித்து வந்தது பதற்றமும் தூக்கமின்மையுமாக இருக்கலாம். தொடர்ந்தால் சர்க்கரை, தைராய்டு பார்த்துவிடுங்கள். நடுவில் குடித்தாரா என்று ஒருமுறை சண்டையில்லாமல் கேளுங்கள்.

குற்ற உணர்ச்சியாகவும் இருக்கலாம். என்னிடம் வந்த ஒரு கைலித் தறிக்காரர் நான்கு முறை வந்தும் வாய் திறக்கவில்லை. ஒரு ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிநோயாளிகள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) கூட்டத்தில் யாரோ ஒருவர், மனைவி பீடி சுற்றிச் சேர்த்த கூலியை அரிசி டப்பாவுக்குள் கைவிட்டு எடுத்ததைச் சொன்னாராம். “என் வீட்டில் அது பருப்பு டப்பா சார்” என்றார் இவர். அப்புறம் அழுதார். அடுத்த முறை மனைவியோடு வந்தார்.

ஏ.ஏ. பிறந்ததே இப்படித்தான். 1935இல் பில் வில்சன் என்ற அமெரிக்கர், குடியை விட்டு ஐந்து மாதமான நிலையில், வியாபார வேலையாகப் போன ஏக்ரன் நகரில் மறுபடி குடித்துவிடுவோமோ என்று பயந்தார். பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். தங்களைப் போன்றவர்களின் கதைகளோடு 1939இல் அவர்கள் வெளியிட்ட புத்தகத்தின் பெயர்தான் அந்த அமைப்புக்கும் நிலைத்தது. உங்கள் கணவருக்கும் ஐந்து மாதம்தான். திண்ணையில் அவரோடு பேச ஆள் இல்லை, அவ்வளவே.

புத்தகத்தில் ஒரு காட்சி வருமே, ஒரு விடிகாலையில் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு அன்றோடு விட்டேன் என்று? படிக்கச் சிலிர்க்கும். எனக்கு வயிற்றைக் கலக்கும். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆளே தெரியாத மனக்குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் கணவர் அதைத் தாண்டிவிட்டார். ஆனால் பக்கத்து வீட்டில் இன்னும் குடித்துக்கொண்டிருப்பவருக்கு இந்தப் புத்தகத்தை இரவல் கொடுத்தால், இதையும் சொல்லிக் கொடுங்கள்: பி1 வைட்டமினும் மருந்தும் தந்து டாக்டர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்க்கலாம். உங்கள் கணவர் சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் தாமதிக்காமல் அங்கே அழைத்துப் போங்கள். நள்ளிரவானால் அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழையுங்கள்.

சரி, உங்கள் அழுகை. எந்தப் பக்கத்தில் அழுதீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதியவரின் மனைவி வரும் இடம் என்று நினைக்கிறேன். புத்தகத்தில் அவர் நாலு வரியில் கதவைத் திறந்துவிட்டுப் போயிருப்பார். நீங்கள் எத்தனை வருஷம் இரவு பதினொரு மணிக்குச் செருப்புச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தீர்களோ! இப்போதுதான் உங்கள் உடம்பு அழ இடம் கண்டிருக்கிறது. இது நோய் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டால் மட்டும் டாக்டரைப் பாருங்கள். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டங்கள் தனியாக நடக்கின்றன, ஏ.ஏ.வில் விசாரித்தால் சொல்வார்கள். கணவரை ஏ.ஏ. கூட்டத்துக்கு அனுப்பும் நாளில் நீங்களும் உங்கள் கூட்டத்துக்குக் கிளம்புங்கள்.