பின்னி மில் வேலைநிறுத்தம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பெரம்பூர் பின்னி மில்லில் 1921-இல் மாதக்கணக்கில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். ஆனால் மேடைகளில் யாரும் அதைப் பெரிதாகச் சொல்வதில்லையே, ஏன்?
– ஒரு வாசகி, ஓட்டேரி

பதில்: அது தோற்றுப்போனது ஒரு காரணம், யாரும் பெருமையோடு உரிமை கொண்டாட முடியாதபடி முடிந்தது அதைவிடப் பெரிய காரணம்.

பக்கிங்ஹாம், கர்நாடிக் என்னும் இரண்டு துணி ஆலைகளையும் சேர்த்துத்தான் ஊரார் பின்னி மில் என்றார்கள். ஆலைப் பகுதியில் வணிகம் செய்துவந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்னின்று உழைத்ததன் பயனாக 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, ஹோம்ரூல் இயக்கத்தவரான பி.பி. வாடியா அதன் தலைவரானார், திரு.வி.க. துணைத் தலைவரானார். தொழிலாளர்கள் அன்று வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு விட்ட அரை மணி நேரத்திற்குள் கை கழுவி, இடம் தேடி உட்கார்ந்து, அள்ளிப் போட்டுக்கொண்டு, கதவு மூடுவதற்குள் ஓட வேண்டியிருந்தது. சற்றுத் தாமதமானாலும் கூலி போயிற்று. அந்த அரை மணி 40 நிமிடமானதே சங்கத்தின் தொடக்கக்கால வெற்றிகளுள் ஒன்று.

1921 மே மாதத்தில் கர்நாடிக் ஆலையின் நூற்புப் பகுதியில் வேலை நின்றது. நிர்வாகம் கதவடைப்பு செய்தது. ஜூனில் பக்கிங்ஹாம் ஆலைத் தொழிலாளர்களும் வெளியேறினர். ஆகஸ்டு இறுதியில் போலீசார் சுட்டதில் உயிர்கள் பலியாயின. அக்டோபரில், கேட்டது எதுவும் கைக்கு வராமலே, மிச்சமிருந்தவர்கள் வேலைக்குத் திரும்பினர். ஒத்துழையாமை இயக்கத்தவர் தலைமையில் நடந்தது என்பதால் காங்கிரசுக்கு அது தோல்விக் கணக்கு. அப்போது சென்னை மாகாண அமைச்சரவையில் இருந்த நீதிக்கட்சிக்கோ அது, கடைசிப் பதிலில் சொல்வதுபோல், உள்வீட்டுப் பிளவு. பேசாமல் இருப்பதே இரு தரப்புக்கும் வசதியாக இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கேள்வி: இந்தியத் தொழிற்சங்கச் சட்டமே இந்த வேலைநிறுத்தத்தால்தான் வந்தது என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். உண்மையா?
– ஒரு வாசகர், அயனாவரம்

பதில்: ஆலை சரி, ஆண்டு தவறு. சட்டத்திற்கு வித்திட்டது அதற்கு முந்தைய 1920-ஆம் ஆண்டுத் தகராறு. அப்போது பின்னி நிறுவனம் உயர் நீதிமன்றத்திற்குச் சென்று, வாடியா முதலிய சங்கத் தலைவர்கள் தொழிலாளர்களைத் தூண்டிவிட்டு இழப்பு ஏற்படுத்தியதாக வழக்குத் தொடர்ந்து, தடையாணையும் பெற்றது. சங்கம் நடத்துவதே ஒருவரை நஷ்டஈட்டு வழக்கில் மாட்டிவிடக்கூடும் என்று நாடு முழுவதும் அன்றுதான் விளங்கிற்று. வாடியா சங்கத்தை விட்டு விலகும்படி ஆயிற்று. தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி 1921-இல் மத்திய சட்டமன்றத்தில் சங்கங்களுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார்; ஐந்து ஆண்டுகள் கழித்து, 1926-இல் சட்டம் வந்தது. பதிவு பெற்ற சங்கத்தின் மீது தொழில் தகராறு காரணமாக இத்தகைய உரிமையியல் வழக்கு நிற்காது என்று அதன் 18-ஆம் பிரிவு கூறிற்று. பெரம்பூரில் பட்ட அடிக்கு அந்தப் பிரிவே நேரான மருந்து.

கேள்வி: அந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடர்கள் கருங்காலிகளாக இருந்தார்கள் என்று எழுதுகிறார்களே, இது நியாயமா?
– ஒரு வாசகர், புளியந்தோப்பு

பதில்: நியாயமில்லை. அவர்களுள் பெரும்பாலோர் 1921-இல் வேலைக்குச் சென்றது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய போராட்டங்களில் அவர்களும் மற்றவர்களோடு சேர்ந்து நின்றவர்களே என்பதை எழுதுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். அன்றாடக் கூலியைத் தவிர வேறு பற்றுக்கோடு இல்லாத, வட்டிக் கடனில் மூழ்கிய குடும்பங்களை, அவர்கள் குரலுக்கு இடமில்லாத ஒரு தலைமை மாதக்கணக்கில் பட்டினி கிடக்கச் சொன்னால் எத்தனை பேரால் கிடக்க முடியும்? ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா வேலைக்குப் போகச் சொன்னதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். நிர்வாகமும் அரசும் அந்தப் பிளவைத் தங்களுக்குச் சாதகமாக்கிக் கொண்டன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஜூன் இறுதியில் உங்கள் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆலைக் கூலியைப் பற்றித் தொடங்கிய சண்டை தெருவுக்கு வந்தபோது சாதிச் சண்டையாகிவிட்டது. ஒரே தறிக்கூடத்தில் வேலை செய்தவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் வீட்டைக் காவல் காக்க வேண்டியதாயிற்று. வீடிழந்தவர்களுக்கு அரசு உதவியபோது, ஆதிதிராவிடர்களுக்கு அரசு செல்லம் கொடுப்பதாக நீதிக்கட்சித் தலைவர்கள் குறை கூறினர். அக்கட்சியிலேயே இருந்த எம்.சி. ராஜாவுக்கு இது பொறுக்கவில்லை. 1923-இல் அவர் கட்சியை விட்டு வெளியேறினார். அதன்பின் சென்னையின் ஆதிதிராவிட அரசியல் தன் வழியைத் தானே தேடத் தொடங்கியது. ஆலை 1996-இல் மூடப்பட்டது. அந்தப் பிளவின் விளைவுகளோ வடசென்னையின் சங்கத் தேர்தல்களிலும் கட்சி அரசியலிலும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன; எனவே உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் இந்த வேலைநிறுத்தத்தின் வரலாற்றை எழுதுவது அரைகுறை வேலையாகும்.