பி.ஜி.க்கள் எழுதித் தரும் ஃபீட்பேக்: கேள்வி பதில்

குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான மனநல மருத்துவத்தில் பல வருடமாக எம்.டி. மாணவர்களுக்கு, அதாவது பி.ஜி.க்களுக்கு, வகுப்பு எடுக்கிறேன். வகுப்பைப் பற்றி மாணவர்கள் எழுதித் தரும் கருத்துகள் குறித்துக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில.

எனக்கு எல்லோரும் 5-க்கு 5 போடுகிறார்கள். ஆனால் ஓ.பி.யில் குழந்தை வந்து உட்கார்ந்தால் அதே பி.ஜி.க்கள் தடுமாறுகிறார்கள். ஏன் மேடம்? (உதவிப் பேராசிரியர்)

மதிப்பெண் உங்கள் பேச்சுக்கு விழுகிறது. 1970-ல் அமெரிக்காவில் ஒரு நடிகரை ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்று அறிமுகப்படுத்தி, மருத்துவக் கல்வியாளர்கள் முன் பேச வைத்தார்கள். பேச்சில் சரக்கே கிடையாது. கேட்டவர்களில் மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் இருந்தார்கள். பெரும்பாலோர் நன்றாக இருந்தது என்றே எழுதிக் கொடுத்தார்கள். 1973-ல் இது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது.

அதனால் ‘வகுப்பு எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள். ‘நாளைக்கு ஓ.பி.யில் எதைச் செய்யத் தயங்குவீர்கள்?’ என்று கேளுங்கள். ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவு, அளவு மீறிய துறுதுறுப்பு) பற்றிய வகுப்புக்குப் பிறகு எனக்கு இப்படி ஒரு துண்டுச்சீட்டு வந்தது: “ஒன்பதில் ஆறு அறிகுறி, 12 வயதுக்கு முன்பே தொடக்கம், வீடு பள்ளி இரண்டிலும். எல்லாம் புரிந்தது. பையன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது?”

என் அறுபது ஸ்லைடில் அதற்கு ஒரு வரி இல்லை. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. அடுத்த பேட்ச்சுக்கு ஸ்லைடுகளைப் பாதியாக்கினேன். மிச்ச நேரத்தில் ஒரு பி.ஜி. அம்மாவாக நடித்தார், இன்னொருவர் மேசைக்கு அடியில் ஏழு வயதுப் பையனாக. மூன்றாமவர் தானும் தரையில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் ஒரு பொம்மைக் காரை உள்ளே உருட்டிவிட்டார். கார் திரும்பி வந்தது. நான் அதைச் சொல்லித் தரவே இல்லை.

பெயர் எழுத வேண்டாம் என்கிறார்கள். நாங்கள் இருப்பதே நான்கு பேர். கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே? (இரண்டாம் ஆண்டு பி.ஜி.)

நியாயமான பயம். தீசிஸில் கையெழுத்துப் போடுபவரும் அதே ஆசிரியர்தானே. வேறு துறைக்காரர் ஒருவர் வாங்கி, இரண்டு மூன்று பேட்ச்சின் கருத்துகளைச் சேர்த்து டைப் செய்து கொடுப்பதுதான் சரி. அது நடக்கும்வரை, குறையாக எழுதாமல் தேவையாக எழுதுங்கள். “வளர்ச்சி வரலாறு கேட்பதை ஒருமுறை எங்கள் முன் செய்து காட்டுங்கள்” என்றால் யாருக்கும் கோபம் வராது.

போக்சோ வகுப்புக்கு “சட்டம் புரிந்தது, வாய்தான் வரவில்லை” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என்ன செய்யட்டும்?

அதைவிட நேர்மையான ஃபீட்பேக் கிடைக்காது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் இந்த 2012-ஆம் வருடச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, குற்றம் பற்றித் தகவல் தருவதைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் பதினைந்து வயதுப் பெண் “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டாக்டர்” என்று கையைப் பிடிக்கும்போது பிரிவு எண் உதவாது. அவள் பேசத் தொடங்கும் முன்பே சொல்ல வேண்டிய வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள்: “உன் பாதுகாப்புக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா நான் சிலர்கிட்ட சொல்லித்தான் ஆகணும்மா. யார்கிட்டன்னு முதல்ல உன்கிட்ட சொல்வேன்.”

இன்னொன்று. கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களில் ஒருவருக்கே அது நேர்ந்திருக்கலாம். இந்த வகுப்புக்கு மட்டும் அன்றே, அந்த அறையிலேயே தாளை நீட்டாதீர்கள்.

எழுதிக் கொடுத்து எதுவும் மாறுவதில்லை. பிறகு எதற்கு எழுத வேண்டும்?

உங்கள் ஆசிரியரிடம் இதைக் காட்டுங்கள். அடுத்த வகுப்பின் முதல் ஸ்லைடில் மூன்று வரி போதும்: நீங்கள் கேட்டது, நான் மாற்றியது, மாற்ற முடியாதது ஏன்.