எந்த இடத்துக்கு எந்தப் பலகை?

கேள்வி: 3 அடி அகலத்தில் புத்தக அலமாரி போடுகிறோம். 18 எம்எம் பிளைவுட், எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை), பார்ட்டிக்கிள் போர்டு (மரச் சில்லுகளை அழுத்திய பலகை), இதில் எது பலம் சார்?

எந்தப் பலம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பாரத்தில் தொய்யாமல் நிற்பது ஒன்று, ஸ்க்ரூவைப் பிடித்து வைப்பது ஒன்று, தண்ணீர் தாங்குவது ஒன்று. புத்தகத்துக்குத் தொய்வுதான் பிரச்சினை. நெருக்கி அடுக்கினால் அடிக்கு 10 கிலோ வரை ஏறும். ஒரே தடிமனில் எம்டிஎஃப்புக்குப் பிளைவுட்டில் ஏறக்குறைய பாதி விறைப்புதான். பார்ட்டிக்கிள் போர்டு அதற்கும் கீழே. அதனால் பிளைவுட் வாங்குங்கள். ஆனால் அதிலும் 3 அடி அதிகம். ஒரே மாதிரி அடுக்கினால் 2 அடித் தட்டு 1 எம்எம் தொய்கிற இடத்தில் 3 அடித் தட்டு 5 எம்எம் தொய்யும். நடுவில் ஒரு தடுப்பு நிறுத்துங்கள். வேண்டாமென்றால் முன் விளிம்புக்கு அடியில் ஒன்றரை இஞ்ச் மர ரீப்பரை (நீளமான மரப்பட்டியை) நிமிர்த்தி வைத்து, பசை போட்டு ஒட்டுங்கள்.

இன்னொன்று, பலகையின் மேல் தெரியும் மர ரேகை தட்டின் நீளவாக்கில் ஓட வேண்டும். 8க்கு 4 ஷீட்டில் ரேகை பெரும்பாலும் 8 அடிப் பக்கமாக இருக்கும். கழிவைக் குறைக்கிறேன் என்று ஷீட்டைத் திருப்பிப் போட்டு அறுப்பார்கள், அப்போது கூடவே நில்லுங்கள்.

கேள்வி: சிங்குக்குக் கீழே போட எம்.ஆர். பிளைவுட்டே போதும், வாட்டர்புரூஃப்தான் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

வேண்டாம். எம்.ஆர். என்றால் ஈரம் தாங்கும் ரகம் (மாய்ஸ்சர் ரெசிஸ்டன்ட்), அவ்வளவுதான். ஈரக்காற்றைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது. அதன் யூரியா பசை நனைந்து நனைந்து விட்டுப்போகும், அடுக்குகள் விரியும். சிங்குக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள பி.டபிள்யூ.பி. (கொதிநீரையும் தாங்கும் ரகம்) கேளுங்கள், மெரைன் பிளை என்பதும் அதைத்தான். அதற்கு 72 மணி நேரம் கொதிநீர்ச் சோதனை உண்டு. சந்தேகம் இருந்தால் 3 இஞ்ச் துண்டு ஒன்று அறுத்து வாங்கி வீட்டுப் பாத்திரத்தில் கொதிக்க விடுங்கள். எம்.ஆர். என்றால் சில மணி நேரத்திலேயே பிரிந்து காட்டிக் கொடுத்துவிடும். பசைக்கோடு கறுப்பாக இருக்கிறதே என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள், சாயம் கலந்தும் கறுப்பாக்கலாம்.

நல்ல பலகையையும் அறுத்த விளிம்பு கெடுத்துவிடும். சிங்குக்கு வெட்டிய ஓட்டை, குழாய் நுழையும் துளை எல்லாவற்றின் விளிம்பிலும் எபாக்ஸியோ வார்னிஷோ இரண்டு கோட் அடியுங்கள். பெட்டியைத் தரையில் உட்கார வைக்காமல் 4 இஞ்ச் பிவிசி கால் மேல் நிறுத்துங்கள்.

கேள்வி: வார்ட்ரோப் கதவு 7 அடி, 19 எம்எம் பிளைவுட். ஆறே மாதத்தில் வில்லாக வளைந்துவிட்டது. மைக்கா (மேலே ஒட்டும் லேமினேட் தகடு) வெளிப்பக்கம் மட்டும்தான் ஒட்டினோம்.

பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒரு பக்கம் மைக்கா மூடிவிட்டது, மறுபக்கம் ஈரத்தை இழுத்தும் விட்டும் இருக்கிறது, கதவு வளையாமல் என்ன செய்யும்? வெளியே 1 எம்எம் என்றால் உள்ளேயும் 0.8 எம்எம்மாவது ஒட்ட வேண்டும். இவ்வளவு உயரத்துக்கு என் கை பிளாக்போர்டுக்குத்தான் (block board, நடுவில் மரப்பட்டிகளை அடுக்கிய பலகை) போகும். உள்ளே இருக்கும் மரப்பட்டிகள் நின்றவாக்கில் ஓடினால் எடையும் குறையும், வளைவதும் குறையும். கீல் 5 போடுங்கள். பட்டிகளுக்கு நடுவே சந்து இருந்தால் அங்கே ஸ்க்ரூ பிடிக்காது. அறுத்த முனையைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: எம்டிஎஃப் ஷட்டரில் கீல் ஸ்க்ரூ கழன்று சுற்றுகிறது அண்ணா. பெரிய ஸ்க்ரூ போடலாமா?

போட்டால் இன்னும் நொறுங்கும். ஓட்டையை 8 எம்எம் ஆக்கி, மர டவலை (dowel, உருளையான மரக்குச்சி) பசையோடு இறக்கி, ஒரு நாள் விட்டு 2.5 எம்எம் பைலட் துளை (ஸ்க்ரூவுக்கு முன்னால் போடும் சின்னத் துளை) போட்டு ஸ்க்ரூவைக் கையாலேயே முறுக்குங்கள். எம்டிஎஃப் விளிம்பில் பைலட் துளை இல்லாமல் ஸ்க்ரூ ஏற்றினால் பிளந்துவிடும். மூலையிலிருந்து 3 இஞ்சாவது தள்ளிப் போடுங்கள். பெயின்ட் அடிக்கிற ஷட்டருக்கு எம்டிஎஃப்பை மிஞ்ச ஆளில்லை, பாரம் தாங்கும் பெட்டிக்கு அது வேண்டாம்.

கேள்வி: வீடு கட்டியபோது மிஞ்சிய சென்ட்ரிங் பிளை (கான்கிரீட் ஊற்ற அச்சாகப் போட்ட பலகை) கிடக்கிறது. லாஃப்ட் கதவுக்கு ஆகுமா?

ஆகாது. எண்ணெய் ஊறிய பரப்பில் ஃபெவிகால் பிடிக்காது, ஒட்டிய சிமென்ட் ரம்பத்தின் பல்லைத் தின்றுவிடும். பரணில் பெட்டி சட்டிக்கு அடியில் போட்டுக்கொள்ளுங்கள்.