எங்கள் சந்தியில் 10 மாடி வாடகைக் கட்டடம் வரப்போகிறது. எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போடலாமா?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எந்நேரமும் பஸ் ஓடும் சந்தி, மூலையில் பழைய பிளாசா, அதை இடித்து வாடகைத் தொடர்மாடி கட்டப்போவதாகப் பலகை வைத்திருக்கிறார்கள், அயலவர்கள் மனுவோடு வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நானாக இருந்தால் கையெழுத்துப் போடமாட்டேன். ஆனால் திட்டம் பற்றி நகரசபை நடத்தும் ஆலோசனைக் கூட்டத்துக்குக் கட்டாயம் போவேன்.

ரொறன்ரோவில் நம்மவர்கள் பலர் வாடகைக்கு இருப்பது பேஸ்மென்டில், இல்லாவிட்டால் யாரோ முதலீட்டுக்கு வாங்கிவிட்ட கொண்டோவில். இரண்டிலுமே வீட்டுக்காரர் "எனக்கு வீடு வேணும்" அல்லது "என் பிள்ளைக்கு வேணும்" என்று என்12 படிவத்தைக் கொடுக்கலாம். 60 நாள் அவகாசம், ஒரு மாத வாடகை இழப்பீடு, அவ்வளவுதான். எங்களுக்கு அது நடந்தது. வாடகை ஒருநாளும் பிந்தியதில்லை, வீட்டையும் நன்றாகத்தான் வைத்திருந்தோம். அப்படியிருந்தும் வகுப்புகள் நடந்துகொண்டிருக்கும்போதே மகளைப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டி வந்தது. அவள் அழுததை நினைத்தால் இப்போதும் மனம் தாங்காது.

வாடகைக்கென்றே கட்டி ஒரு நிறுவனம் நடத்தும் கட்டடத்தில் இந்தப் படிவம் செல்லாது. தான் குடியிருக்க வேண்டும் என்று சொல்லி வாடகைக்காரரை எழுப்பும் உரிமையை ஒன்ராறியோ சட்டம் தனிமனிதரான வீட்டுக்காரருக்கு மட்டுமே கொடுக்கிறது. கட்டடம் கைமாறினாலும் பெரிய தொடர்மாடியில் புதுச் சொந்தக்காரர் அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. குழந்தைகளோடு வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது சொந்த வீட்டில் இருந்து மனு எழுதுபவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, கூட்டத்தில் கேட்க வேண்டியது அதைத்தான். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதல்முறையாக ஆட்கள் குடிவந்த வீடுகளுக்கு மாகாணத்தின் வருடாந்த வாடகை உச்சவரம்பு கிடையாது. 2025இல் பழைய கட்டடங்களுக்கு அந்த வரம்பு 2.5 சதவீதம். புதுக் கட்டடத்தில் 90 நாளுக்கு முன் எழுத்தில் அறிவித்து, 12 மாதத்துக்கு ஒருமுறை, எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். ஆளை எழுப்ப முடியாதவர் வாடகையை ஏற்றியே எழுப்பிவிடலாம். அதனால் கட்டுபவரிடம் எல்லோர் முன்னாலும் கேளுங்கள்: எத்தனை வீடுகள் குறைந்த வாடகைக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு? கனடா அடமான, வீடமைப்புக் கழகம் என்ற மத்திய அரச நிறுவனம் வாடகைக் கட்டடக் கடன்களுக்குச் சலுகையோடு தரும் 'எம்எல்ஐ செலக்ட்' காப்புறுதிக்கு விண்ணப்பிக்கிறீர்களா? கட்டுப்படியான வாடகையைக் காட்டி அந்தச் சலுகையைப் பெறுபவர் குறைந்தது 10 ஆண்டுகளுக்கு அதைக் காப்பாற்ற வேண்டும். எரிசக்திச் சிக்கனத்தைக் காட்டியும் அதைப் பெறலாம் என்பதால், எதைக் காட்டப்போகிறார் என்று தெளிவாகச் சொல்ல வையுங்கள்.

அடுத்தது பிளாசாக் கடைகள். இதைத்தான் நம்மவர்கள் கவனிப்பதில்லை. இடிக்கும் இடத்தில் 6 அல்லது அதற்கு மேற்பட்ட வாடகை வீடுகள் இருந்தால் அவற்றுக்கு ஈடாக வாடகை வீடுகள் கட்டித் தரச் சொல்லும் விதி நகரசபையிடம் இருக்கிறது. கடைகளுக்கு அப்படி ஒரு விதி இல்லை. கொத்துரொட்டிக் கடை, மரக்கறிக் கடை, பயண முகவர் எல்லாரும் குத்தகை முடிந்தால் போக வேண்டியதுதான். புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தை ஒரே பெரிய இடமாக வைத்தால் வங்கியோ பெரிய மருந்துக் கடையோதான் அதை எடுக்கும். கீழ்த்தளத்தைச் சிறிய கடைகளாகப் பிரிக்கச் சொல்லிக் கேட்கலாம், இப்போதுள்ள கடைக்காரர்களுக்கு முதல் வாய்ப்புக் கொடுப்பீர்களா என்றும் கேட்கலாம். சட்டம் கட்டாயப்படுத்தாததைக் கூட்டத்தில் ஒரு ஐம்பது பேர் கேட்டால் கவுன்சிலர் காதில் விழும்.

வீட்டு அளவும் முக்கியம். பெரிய கட்டடங்களில் 15 சதவீதம் இரண்டு அறை, 10 சதவீதம் மூன்று அறை வீடுகளாக இருக்க வேண்டும் என்பது நகரின் வழிகாட்டல். அம்மா அப்பாவையும் வைத்துப் பார்க்கும் நம்முடைய குடும்பங்களுக்கு மூன்று அறைதான் சரிவரும்.

போக்குவரத்து, நிழல் இரண்டும் மனுவில் முதலில் இருக்கும். நடுத்தர உயரம் என்றால் ரொறன்ரோவில் பொதுவாக வீதியின் அகலத்தைத் தாண்டாத உயரம். அகலமான பிரதான வீதியில் 10 மாடி அதற்குள் அடங்கும். நிழல் எந்த நேரத்தில் எங்கே விழும் என்று வரைந்த ஆய்வை நகரசபை இணையத்தளத்தில் விண்ணப்பத்தோடு பார்க்கலாம். வீடுகளுக்கு இத்தனை பார்க்கிங் என்ற கட்டாயத்தை நகரசபை 2021 டிசம்பரில் பெரும்பாலும் எடுத்துவிட்டது, விருந்தினர் பார்க்கிங் போன்ற சில மட்டும் தொடர்ந்தன. கார் எந்தப் பக்கத்தால் உள்ளே போகும், குப்பை லொறி எங்கே நிற்கும் என்பவைதான் உண்மையில் சந்தியைப் பாதிக்கும். பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் வாசல் வைத்திருந்தால் விடாதீர்கள்.

இன்னொன்று. 2024 ஜூனில் மாகாணம் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, ஓர் இடத்தில் என்ன கட்டலாம், எவ்வளவு உயரத்துக்குக் கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதியில் மாற்றத்தை நகரசபை அனுமதித்தால், அதை எதிர்த்து அயலவர் ஒன்ராறியோ நிலத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. கட்டுபவர் போகலாம். அதாவது சபை வாக்களிப்பதற்கு முன்புதான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு. கூட்டத்துக்கு நேரம் இல்லாவிட்டால் பலகையில் இருக்கும் திட்ட அலுவலரின் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள், கவுன்சிலருக்கும் ஒரு பிரதி போடுங்கள். தமிழில்தான் வசதியாகப் பேச வரும் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கூட்டத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள்.