பதில்: அமீபா செல்லை கொன்னுட்டு முழுங்குதா, உயிரோடவே கடிக்குதா?

நோட்ஸ்ல கொன்னுட்டுதான் முழுங்கும்னு இருக்கு, வீடியோல உயிரோட இருக்க செல்லையே கடிக்குது, எக்ஸாம்ல எதை எழுதறதுன்னு கேட்டிருந்தீங்க. ரெண்டுமே நடக்கும்ங்க, உங்க நோட்ஸ் கொஞ்சம் பழசு அவ்ளோதான். எண்டமீபா ஹிஸ்டாலிட்டிகா (நம்ம குடல்ல சீதபேதி உண்டாக்கற அமீபா) மொதல்ல அதோட லெக்டினால, அதாவது சர்க்கரைய புடிச்சுக்கற புரதத்தால, நம்ம செல் மேல இருக்க கேலக்டோஸ் சர்க்கரைய புடிச்சு ஒட்டிக்கும், அப்புறம் இட்லிய பிச்சு திங்கற மாதிரி துண்டு துண்டா கடிச்சு உள்ள தள்ளும், அந்த நேரம் செல் உயிரோடதான் இருக்கும், ஆனா உள்ள கால்சியம் ஏறி கடைசில செத்துடும். இதான் ட்ரோகோசைட்டோசிஸ், 2014ல நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல ரால்ஸ்டன், பெட்ரி ஆராய்ச்சி டீம் போட்டது. இதுல எனக்கு ஆச்சரியமே, செல் செத்ததும் கடிக்கறத நிறுத்திட்டு கழண்டுக்குது! ஏற்கனவே செத்த செல்லுன்னா முழுசா முழுங்கும், அது ஃபேகோசைட்டோசிஸ். ரெண்டையும் எழுதுங்க, கடிக்கறத மொதல்ல போடுங்க.